மருந்துச்சீட்டின் பயணம்

நுழையும்முன்

மருந்தை எழுதித் தருபவர் ஒருவர். அதை எடுத்துக் கொடுப்பவர் மற்றொருவர். இவ்விருவருக்கும் இடையே செல்லும் செய்தியில் ஓர் எழுத்துப் பிசகினாலும் உயிருக்கு இடர் நேரும். அச்செய்தியைக் கணினி வழியே பிழையின்றிக் கொண்டுசேர்க்க அமெரிக்க ஐக்கிய நாடு மேற்கொண்ட முயற்சிகளையும், அம்முயற்சிகளுக்குப் பொதுநிதியில் நடைபெற்ற ஆய்வுகள் துணைநின்ற விதத்தையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

வெள்ளம் கற்பித்த பாடம்

2005ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள், கத்ரீனா என்னும் சூறாவளி அமெரிக்காவின் தென்கரையைத் தாக்கியது. கரைகள் உடைந்து, நியூ ஆர்லியன்ஸ் நகரின் பெரும்பகுதி நீரில் மூழ்கியது. பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் வீடு வாசலை விட்டு அயல் மாநிலங்களில் தஞ்சம் புகுந்தனர். அவர்களுள் நீரிழிவு, இதயநோய், குருதியழுத்தம் ஆகியவற்றுக்கு நாள்தோறும் மருந்து உண்போர் எண்ணற்றோர். மருந்துப் புட்டி வெள்ளத்தோடு போயிற்று. மருத்துவமனைக் கோப்புகள் நனைந்து அழிந்தன. மாத்திரையின் நிறத்தைச் சொல்ல முடிந்தவர்களால் அதன் பெயரையும் அளவையும் சொல்ல முடியவில்லை. முகாமில் அமர்ந்த மருத்துவர் எதை நம்பி மருந்து எழுதுவார்?

விடை வேறோர் இடத்தில் இருந்தது. மருந்தகங்களின் கணினிகளில், யாருக்கு எம்மருந்து எந்நாளில் வழங்கப்பட்டது என்னும் குறிப்பு அழியாமல் இருந்தது. அரசுத் துறைகளும் மருந்தகங்களும் மென்பொருள் நிறுவனங்களுமாக 150க்கும் மேற்பட்ட அமைப்புகள் கைகோத்து, அக்குறிப்புகளை ஒன்று திரட்டி, உரிமை பெற்ற மருத்துவரும் மருந்தாளுநரும் காணுமாறு 'கத்ரீனா ஹெல்த்' என்னும் இணையச் சேவையை அமைத்தன. போட்டியாளர்கள் ஒருங்கிணைந்த இப்பணி பாராட்டத்தக்கதே. ஆயினும், அச்சேவை பொதுவாகப் பயன்பாட்டுக்கு வருவதற்குள் ஏறத்தாழ மூன்று வாரங்கள் கடந்துவிட்டன. இன்சுலின் இன்றி மூன்று வாரம் காத்திருக்க யாரால் இயலும்? தாகம் எடுத்தபின் கிணறு வெட்டலாகாது என்பதை அவ்வெள்ளம் உணர்த்திச் சென்றது.

நான்காம் கூறு

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம், மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறது. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, மருந்தை உடனிருந்து அளிப்பவர் என்பன அவை. மருந்தை அளிப்பவரும் மருத்துவத்தின் ஓர் அங்கம் என்பது இப்பகுப்பின் சிறப்பு. இக்காலத்தில் அப்பொறுப்பின் பெரும்பகுதியை மருந்தாளுநர் ஏற்கிறார்.

ஆனால், நால்வகைக் கூறுகளில் மிகக் குறைந்த செய்தியோடு பணியாற்றுபவரும் அவரே. மருந்துச்சீட்டில் மருந்தின் பெயரும் அளவும் இருக்கும். நோயின் பெயர் பெரும்பாலும் இராது. நீரிழிவுக்கு வழங்கப்படும் மெட்ஃபார்மினின் அளவு, சிறுநீரகத்தின் செயல்திறனைப் பொறுத்தது. அத்திறனைக் காட்டும் குருதிப் பரிசோதனை முடிவு மருந்தாளுநர் கண்ணில் படுவதில்லை. குருதி உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினோடு சிலவகை நுண்ணுயிர்க்கொல்லிகள் சேர்ந்தால் குருதிக்கசிவு நேரலாம். இரண்டையும் வெவ்வேறு மருத்துவர் எழுத, வெவ்வேறு கடைகளில் வாங்கினால் அதைத் தடுப்பார் யார்? மறுபுறம், தாம் எழுதிய மருந்தை நோயாளர் வாங்கினாரா, வாங்காமலே விட்டாரா என்பதை மருத்துவர் அறியார். ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியாத இவ்விடைவெளியில்தான் பிழைகள் பிறக்கின்றன.

தெரிந்து தெளிவோம்

இன்சுலின் அளவைக் குறிக்கும் 'யூனிட்' என்னும் சொல்லை ஆங்கிலத்தில் 'யு' என ஒற்றை எழுத்தாகச் சுருக்கி எழுதும் வழக்கம் இருந்தது. கையெழுத்தில் அது சுழியம்போல் தோன்றியதால் 4 யூனிட் என்பது 40 எனப் படிக்கப்படும் இடர் எழுந்தது. அவ்வாறே 1.0 என்பதன் புள்ளி மங்கினால் 10 ஆகிவிடும். எனவே, இத்தகைய சுருக்கங்களையும் தேவையற்ற சுழியத்தையும் தவிர்க்குமாறு அமெரிக்க மருத்துவமனைகளுக்கு அறிவுறுத்தப்பட்டது.

பிழையின் பேரளவு

அமெரிக்காவின் 'இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்' என்னும் அறிஞர் அவை, 1999இல் வெளியிட்ட அறிக்கை நாட்டையே உலுக்கியது. தடுத்திருக்கக்கூடிய மருத்துவப் பிழைகளால் மருத்துவமனைகளில் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 பேர்வரை இறக்கின்றனர் என்று அது மதிப்பிட்டது. மருந்து தொடர்பான பிழைகளை மட்டும் ஆராய்ந்த 2006ஆம் ஆண்டு அறிக்கை, அவற்றால் ஆண்டுக்குக் குறைந்தது 15 இலட்சம் பேர் தீங்குறுகின்றனர் என்றது. 2010ஆம் ஆண்டுக்குள் மருந்துச்சீட்டுகள் அனைத்தும் மின்னணு வடிவம் பெற வேண்டும் என்றும் பரிந்துரைத்தது.

இப்பரிந்துரை வெறும் ஆர்வத்தால் எழுந்ததன்று. பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில் டேவிட் பேட்ஸ் தலைமையிலான குழுவினர் நடத்தி 1998இல் வெளியிட்ட ஆய்வு, மருத்துவர்கள் கணினியில் மருந்து எழுதத் தொடங்கியபின், இடையில் தடுக்கப்படாமல் நோயாளரைச் சென்றடையக்கூடிய கடும்பிழைகள் 55 விழுக்காடு குறைந்ததைக் காட்டியிருந்தது. கணினி வந்தால் பிழை குறையும் என்ற நம்பிக்கை வேரூன்றியது.

கசப்பான உண்மை

நம்பிக்கையையும் சோதித்தறிவதே அறிவியல். மருத்துவச் சேவையின் தரத்தை ஆராய்வதற்கென அமெரிக்க அரசு நிறுவியுள்ள முகமை, நல்கைகள் வழங்கிப் பல பல்கலைக்கழகங்களின் ஆய்வுகளை ஊக்குவித்து வருகிறது. 2004இல் மட்டும் மருத்துவத் தகவல் தொழில்நுட்ப ஆய்வுகளுக்கும் செயல்திட்டங்களுக்குமாக, பல ஆண்டுகளுக்குரிய 13.9 கோடி டாலரை அது அறிவித்தது.

அம்முகமையின் நல்கையால் நடைபெற்ற ஆய்வுகளுள் ஒன்று, பென்சில்வேனியப் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ராஸ் கோப்பல் தலைமையில் நடந்து 2005இல் வெளியாயிற்று. அக்குழுவினர் மருத்துவமனைப் பணியாளர்களோடு உடனிருந்து, கணினியில் மருந்து எழுதும் முறையைக் கூர்ந்து நோக்கினர். அம்முறையே 22 வகையான பிழைகளுக்கு இடந்தருவதைக் கண்டறிந்தனர்.

அவற்றுள் ஒன்று நம் சிந்தனைக்குரியது. திரையில் தோன்றும் மாத்திரை அளவுகள், மருந்தகத்தில் எந்த அளவு மாத்திரை இருப்பில் உள்ளது என்பதையே காட்டின. ஆனால், இளம் மருத்துவர் சிலர் அதனையே குறைந்தபட்ச மருந்தளவு என எண்ணிக்கொண்டனர். மருந்தகம் சொன்னது ஒன்று. மருத்துவர் புரிந்துகொண்டது மற்றொன்று. கணினிகள் இணைந்திருந்தன, கருத்துகள் இணையவில்லை. செய்தி சென்று சேர்வது வேறு, பொருள் சென்று சேர்வது வேறு என்பதை இவ்வாய்வு தெளிவாக்கியது.

எச்சரிக்கைகளின் நிலையும் இதுவே. ஒவ்வாத மருந்துகளை எழுதும்போது கணினி எச்சரிக்கும். ஆனால், சிறியதற்கும் பெரியதற்கும் ஒரே குரலில் எச்சரித்தால் கேட்பவர் செவி மரத்துப்போகும். 2006இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று, மருந்துப் பாதுகாப்பு எச்சரிக்கைகளில் 49 முதல் 96 விழுக்காடுவரை மருத்துவர்களால் புறந்தள்ளப்படுவதாகக் காட்டியது.

பொதுமொழியைத் தேடி

இரு கணினிகள் உரையாட வேண்டுமாயின் அவற்றுக்குப் பொதுமொழி தேவை. 2003ஆம் ஆண்டின் அமெரிக்க மெடிக்கேர் சட்டம், மின்னணு மருந்துச்சீட்டுக்குப் பொதுவான நெறிகளை வகுக்குமாறும், அவற்றை நடைமுறைப்படுத்துமுன் களத்தில் சோதிக்குமாறும் ஆணையிட்டது. அதன்படி 2006இல் ஐந்து குழுக்கள் அரசு நிதியில் சோதனைகளை நடத்தின. முடிவுகள் 2007இல் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் பார்வைக்கு வைக்கப்பட்டன.

நோயாளரின் முந்தைய மருந்து வரலாற்றை அனுப்புதல், மருந்து வாங்கப்பட்டதைத் தெரிவித்தல், காப்பீட்டுப் பட்டியலைக் காட்டுதல் ஆகிய மூன்றும் நுட்ப அளவில் பயன்பாட்டுக்கு ஏற்றவை எனத் தெரிந்தது. உண்ணும் முறையைக் குறியீடாக அனுப்புதல் உள்ளிட்ட வேறு சில, இன்னும் பக்குவப்படவில்லை என்பதும் தெரிந்தது. "நாளுக்கு இருவேளை, உணவுக்குப் பின்" என்பது மனிதர்க்கு எளிய தொடர். அதனைப் பலர் பலவாறு எழுதுவர். எல்லாவற்றையும் ஒரே பொருளில் கொள்ளக் கணினிக்குக் கற்பிப்பது எளிதன்று. பக்குவப்படாததைப் பக்குவப்படவில்லை என்று முன்கூட்டியே சொன்னதே அச்சோதனையின் பெரும்பயன். ஆராயாமல் ஆணையிட்டிருந்தால் அதன் விலையை நோயாளர் கொடுத்திருப்பர்.

நிறுத்தப்பட்டும் நில்லாத மருந்து

மருந்தைத் தொடங்கும் செய்தியைப் போலவே அதை நிறுத்தும் செய்தியும் இன்றியமையாதது. மருத்துவர் ஒரு மருந்தை வேண்டாம் என முடிவு செய்து தம் கணினியில் நீக்குகிறார். மருந்தகமும் அதை அறிந்துகொள்ளும் என எண்ணுகிறார். ஆனால், நீக்கிய செய்தி அவர் அறையைவிட்டு வெளியே செல்லாமல் போகலாம். அப்போது மருந்தகக் கணினியில் பழைய சீட்டுக்கு மீண்டும் மீண்டும் மருந்து வழங்கும் அனுமதி எஞ்சியிருக்கும். மருந்து தொடர்ந்து வழங்கப்படலாம்.

மாசசூசெட்ஸ் மாநில மருத்துவக் குழு ஒன்றில் நடந்து 2012இல் வெளியான ஆய்வு இதனை அளந்து காட்டியது. கணினியில் நிறுத்தப்பட்ட 83,902 மருந்துகளுள் 1,218 மருந்துகள் பின்னரும் மருந்தகத்தால் வழங்கப்பட்டிருந்தன. நூற்றுக்கு ஒன்றரை என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். குருதியழுத்த மருந்தும், குருதி உறைவுத் தடுப்பு மருந்தும், சர்க்கரையைக் குறைக்கும் மருந்தும் அவற்றுள் அடங்கும் என்பதை எண்ணினால் அதன் கனம் புலப்படும். சீட்டை ரத்து செய்யும் மின்செய்திக்கான நெறி முன்பே வகுக்கப்பட்டிருந்தும் அது பரவலாகப் பயன்படுத்தப்படவில்லை. இடரை எண்ணால் அளந்து காட்டிய ஆய்வுகள் அந்நெறியின் தேவையை எல்லாரும் உணரச் செய்தன.

யார் செலவிடுவது?

இத்தகைய ஆய்வுகளுக்குப் பொதுநிதி எதற்கு? மென்பொருள் விற்பவரும் மருந்தகம் நடத்துபவருமே செலவிடலாகாதா? நியாயமான வினாவே. இதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, செலவிடுபவர் ஒருவர், பயன்பெறுபவர் வேறொருவர். மருத்துவர் பணம் செலவிட்டுச் செய்தி அனுப்பினால், தீங்கிலிருந்து தப்புபவர் நோயாளர். மிச்சமாகும் பணம் பெரும்பாலும் காப்பீட்டாளருக்கு உரியது. இரண்டாவது, பகிர்வு என்பது போட்டியாளருக்கும் கதவைத் திறப்பதாகும். வணிகம் அதனைத் தானாக விரும்புவதில்லை. மூன்றாவது, தம் பொருளின் குறையைத் தாமே தேடி வெளியிடுவோர் அரியர். 22 வகைப் பிழைகளை உலகறியச் சொல்ல, விற்பனையைச் சாராத ஆய்வாளர் வேண்டும். அவரைத் தாங்க, விற்பனையைச் சாராத நிதி வேண்டும்.

நிதி எவ்வளவு என்பதோடு, அது யாரைச் சென்றடைகிறது என்பதும் எண்ணத்தக்கது. 2009இல் இயற்றப்பட்ட 'ஹைடெக்' சட்டத்தின்வழி, மின்னணுப் பதிவேடுகளை ஏற்ற மருத்துவர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் 3,000 கோடி டாலருக்கும் மேற்பட்ட ஊக்கத்தொகை வழங்கப்பட்டது. மருந்தாளுநர் அத்தொகைக்குத் தகுதியுடையோர் பட்டியலில் இடம்பெறவில்லை. பாலத்தின் ஒரு கரை உறுதியாகக் கட்டப்பட்டது. மறுகரை தன் முயற்சிக்கு விடப்பட்டது. மருந்துச்சீட்டு மின்வழியில் மருந்தகம் வந்தது. பரிசோதனை முடிவும் நோயின் பெயரும் அதனுடன் வரும் வழி அகலவில்லை. இவ்விடைவெளியை நிரப்பும் வழிகளை ஆராய்வதற்கே இன்றும் நிதி வேண்டப்படுகிறது.

காப்பும் பகிர்வும்

பகிர்வுக்கு எல்லையும் உண்டு. ஒருவர் உண்ணும் மருந்தே அவர் நோயைக் காட்டிக்கொடுக்கும். கத்ரீனா ஹெல்த் சேவையிலும் மனநோய், எச்.ஐ.வி. போன்றவற்றுக்கான மருந்துக் குறிப்புகள் மறைக்கப்பட்டிருந்தன. மானத்தைக் காக்க அது உதவியது. ஆனால், மறைக்கப்பட்ட மருந்தோடு ஒவ்வாத புதுமருந்தை மருத்துவர் எழுதிவிடும் இடரும் அதில் இருந்தது. யார், எதை, எப்போது காணலாம் என்பதை நுட்பம் மட்டும் முடிவு செய்ய இயலாது. நோயாளரின் விருப்பமும் சட்டமும் அறமும் கூடித் தீர்மானிக்க வேண்டும்.

மருந்துச்சீட்டு ஒரு துண்டுத்தாளாக இருந்தது. இன்று மின்துடிப்பாக மாறியுள்ளது. எவ்வடிவில் சென்றாலும் அது ஒரு மனிதர் மற்றொரு மனிதரிடம் மூன்றாம் மனிதரின் உயிரைக் குறித்துச் சொல்லும் செய்தியாகும். அச்செய்தி பிழையின்றிச் சென்று சேர்கிறதா என இடையறாது ஆராய்வதற்குச் செலவிடும் பொருள், வெள்ளம் வருமுன் வெட்டிவைத்த கால்வாய் போன்றது. வறண்ட நாளில் அது வீண்செலவாகத் தோன்றும். வெள்ள நாளில் ஊரைக் காக்கும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் உள்ளோர் நாள்தோறும் உண்ணும் மருந்துகளின் பெயர், அளவு, வேளை, ஒவ்வாமை ஆகியவற்றைப் பட்டியலாக எழுதுக. நெருக்கடிக் காலத்தில் அப்பட்டியல் எவ்வாறு உதவும் என வகுப்பில் உரையாடுக.

2. அருகிலுள்ள மருந்தகத்திற்குச் சென்று, மருந்துச்சீட்டைப் படிப்பதில் மருந்தாளுநர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடுகளைக் கேட்டறிந்து அறிக்கையாகத் தருக.

3. 'செய்தி சென்று சேர்வது வேறு, பொருள் சென்று சேர்வது வேறு' – பாடப்பகுதி கொண்டு விளக்குக.

4. 'நோயாளரின் மருந்துக் குறிப்புகள் அனைத்தும் எல்லா மருந்தகங்களுக்கும் தெரிய வேண்டும்' என்னும் தலைப்பில் உடன்பட்டும் மறுத்தும் சொற்போர் நிகழ்த்துக.