‘ஒரு பெக் போட்டா ரத்தம் இளகும்’ - உண்மை என்ன?

‘கொஞ்சம் குடிச்சா ரத்தம் கட்டாது, ஹார்ட்டுக்கு நல்லது’ என்று சிலர் சொல்வார்கள். மது ரத்தம் உறைவதைப் பாதிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது பாதுகாப்பு அல்ல, ஆபத்து.

தட்டணு என்ன செய்கிறது?

கையில் கத்தி பட்டால் முதலில் ஓடிவந்து ஒன்றோடொன்று ஒட்டி, காயத்தை அடைப்பவை ரத்தத் தட்டணுக்கள். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் ‘பிளேட்லெட் கவுண்ட்’ என்று இருப்பது இதுதான். ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருக்க வேண்டும். எலும்பு மஜ்ஜையில் உருவாகும் இவை 7 முதல் 10 நாட்கள் வரையே வாழும். அதனால் தினமும் புதிதாக உற்பத்தியாக வேண்டும்.

மது என்ன செய்கிறது?

* தட்டணுக்கள் ஒட்டும் திறனைக் குறைக்கிறது.
* தொடர்ந்து அதிகமாகக் குடித்தால் மஜ்ஜையில் உற்பத்தி குறைகிறது. இருக்கும் தட்டணுக்களும் சீக்கிரம் அழிகின்றன.
* கல்லீரல் சுருங்கிக் கெட்டால் மண்ணீரல் வீங்கி, தட்டணுக்களைத் தன்னிடமே தேக்கிக்கொள்கிறது. ரத்தம் உறையத் தேவையான புரதங்களைக் கல்லீரலால் போதுமான அளவு தயாரிக்கவும் முடிவதில்லை.

இதனால் பல் ஈறில் ரத்தம் கசிவது, லேசாக இடித்தாலே தோல் கன்றிப்போவது போன்றவை வரும். வயிற்றிலோ மூளையிலோ ரத்தம் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. ஆஸ்பிரின், வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். டெங்கு காய்ச்சலில் தட்டணுக்கள் ஏற்கெனவே குறையும் என்பதால் அப்போது மது கூடவே கூடாது.

கவனிக்க வேண்டியவை

குடித்தவர் கீழே விழுந்து தலையில் அடிபட்டால், ‘போதையில தூங்குறாரு’ என்று விட்டுவிடாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். ரத்த வாந்தி எடுத்தாலும், மலம் தார் போலக் கறுப்பாகப் போனாலும் இதையே செய்யுங்கள்.

ஒரு நல்ல செய்தி: கல்லீரல் பெரிதாகக் கெடாதவர்கள் குடியை விட்டால், சில நாட்களிலேயே தட்டணுக்கள் ஏறத் தொடங்கும். பலருக்கு ஓரிரு வாரங்களில் சரியாகிவிடும். ஆனால் தினமும் அதிகமாகக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துவதே நல்லது.

செல்போனில் சேமித்து வையுங்கள்: மருத்துவ ஆலோசனைக்கு 104, போதை மீட்பு உதவிக்கு 14446. பழைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளையும் போட்டோ எடுத்து வையுங்கள். தட்டணு எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறதா என்று பார்க்க மருத்துவருக்கு அது உதவும்.