நிழற்படமும் சதுரச் சட்டமும்

கல்லூரி விழா அணுகுங்கால் பழைய மாணவர் இல்லங்களிற் பெட்டகங்கள் திறக்கப்படுகின்றன. வகுப்புக் குழுப்படம், விளையாட்டணிப் படம், நாடகப் படம் என மங்கிய நிழற்படங்கள் பல வெளிவருகின்றன. முன்னாளில் அவை மலரில் மட்டும் அச்சேறின. இந்நாளில் இணையத்திலும் ஏறுகின்றன. அங்கேதான் ஓர் இடர் தோன்றுகின்றது. படமோ நீள்சதுரம், இணையம் அளிக்கும் சட்டமோ பல இடங்களிற் சதுரம். நீண்டதனைச் சதுரத்துள் அடக்குவது எவ்வாறு என்பதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இவ்விரு வடிவங்களும் புதியன அல்ல. 35 மி.மீ. படச்சுருளிற் பதியும் படம் 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் உடையது; அஃதாவது 3க்கு 2 என்னும் விகிதம். 6 அங்குலத்துக்கு 4 அங்குலப் பிரதியும் அவ்விகிதமே. 1929ஆம் ஆண்டு ஜேர்மனியில் வெளிவந்த ரொலைபிளெக்ஸ் கமராவோ 6 செ.மீ. சதுரப் படம் எடுத்தது. 2010இல் தோன்றிய இன்ஸ்டாகிராம் முதலிற் சதுரப் படங்களையே ஏற்றது. 2015இல் நெடிய படங்களுக்கும் அகன்ற படங்களுக்கும் இடந்தந்தது. ஆயினும் வாட்ஸ்அப், முகநூல் ஆகியவற்றில் நம் பெயரோடு தோன்றும் சிறு படம் இன்னும் சதுரமாக வெட்டப்பட்டு வட்டமாகவே காட்டப்படுகின்றது.

நீள்சதுரத்தைச் சதுரமாக்கும் வழிகள் மூன்று. அவை நெருக்குதல், வெட்டுதல், விளிம்பு சேர்த்தல் என்பன.

நெருக்குதலாவது, உயரத்தை மாற்றாது அகலத்தை மட்டும் குறைத்தல். 3க்கு 2 ஆன படத்தை இவ்வாறு நெருக்கினால் ஒவ்வொரு முகமும் மூன்றில் இரண்டு பங்கு அகலமே பெறும். தலதா மாளிகையின் எண்கோண மண்டபம் ஒல்லிக் கோபுரமாகும். பெரஹராவின் யானை ஒட்டகம்போல் நிற்கும். இவ்வழியை எஞ்ஞான்றும் விலக்குக.

வெட்டுதலாவது, நடுவை வைத்துக்கொண்டு இருபுறமும் நீக்குதல். ஓரங்கள் வெறுமையாய் உள்ளபோது இது தக்கதே. பேராதனைப் பூங்காவின் பனைச் சாலையை நடுவில் நின்று எடுத்த படம் சதுரத்துள் அழகாகவே அடங்கும். கண்டி வாவியின் படத்தில் நீர்ப்பரப்புச் சிறிது குறைந்தால் இழப்பு யாதுமில்லை. ஓரத்தில் மனிதர் நிற்பாராயின் நிலைமை வேறு. இதனை நாம் ஒரு பிழை செய்தே கற்றோம்.

விழா முயற்சிகள் தொடங்கிய காலையில், 1960களின் இறுதியில் எடுக்கப்பட்ட வகுப்புப் படம் ஒன்று எமக்குக் கிடைத்தது. 12 அங்குல அகலமும் 8 அங்குல உயரமும் உடைய அதனை அங்குலத்துக்கு 300 படப்புள்ளிகள் வீதம் கணினியிற் பதிவுசெய்தோம். 3600க்கு 2400 புள்ளிகள் வந்தன. பழைய மாணவர் குழுவின் இணையப் பக்கத்துக்காக 2400க்கு 2400 எனச் சதுரமாக வெட்டினோம். இருபுறமும் 600 புள்ளிகள் நீங்கின. நடுவில் அமர்ந்த ஆசிரியர்கள் அனைவரும் தெளிவாகத் தோன்றினர். நாமும் மகிழ்ந்தோம்.

சில நாட்களில் நீலகிரியிலிருந்து ஒரு பெண்மணி எழுதினார். “ஐயா, பின்வரிசையில் இடக்கோடியில் நின்றதாக அப்பா சொல்லுவார். படத்தில் அவரைக் காணவில்லையே. அவருடைய சின்ன வயதுப் படம் எங்களிடம் ஒன்றும் இல்லை” என்பது அக்கடிதத்தின் சாரம். 1964ஆம் ஆண்டு ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பயனாகத் தலைமன்னாரிற் கப்பலேறி இராமேசுவரம் சென்ற மலையகக் குடும்பங்கள் பல்லாயிரம். அவற்றுள் ஒன்று அவர் தந்தையின் குடும்பம். கப்பலேறுகையில் அவர்கள் படம் எதனையும் கொண்டுசெல்லவில்லை. தந்தையின் வாய்ச்சொல்லே எஞ்சியது.

நாம் மூலப்படத்தை மீண்டும் நோக்கினோம். பின்வரிசைகள் இரண்டிலும் பன்னிருவர் பன்னிருவராக மாணவர் விளிம்புவரை நின்றனர். ஒருவருக்கு 300 புள்ளி அகலம் என்க. 600 புள்ளி நீக்கினால் ஒரு புறத்தில் இருவர் நீங்குவர். இரு வரிசையிலும் இருபுறமுமாக எண்மரை நாம் வெட்டியிருந்தோம். ஆசிரியர் ஒருவரும் நீங்கவில்லை. குழுப்படத்தில் நடுவிடம் பெரியோர்க்கும் ஓரம் பிள்ளைகளுக்கும் உரியதாதலின், நடுவைக் காத்து ஓரத்தை நீக்கும் வழி பிள்ளைகளையே நீக்குகின்றது. கத்தரிக்கோலுக்கு இவ்வேறுபாடு தெரியாது; அதனைப் பிடித்த நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

எனவே மூன்றாம் வழியைக் கைக்கொண்டோம். விளிம்பு சேர்த்தலாவது, படம் முழுவதையும் வைத்து மேலும் கீழும் வெற்றிடம் இடுதல். 3600க்கு 2400 ஆன படத்தை 1080க்கு 720 ஆகச் சுருக்கி, மேலே 180, கீழே 180 புள்ளிகள் சேர்த்தால் 1080 புள்ளிச் சதுரம் அமையும். கீழ் விளிம்பில் வகுப்பையும் ஆண்டையும் எழுதலாம். ஒருவரும் நீங்கார், ஆனால் ஒருவருக்கு 90 புள்ளி அகலமே கிடைப்பதால் முகங்கள் சிறுக்கும்.

அக்குறை நீங்க மற்றுமோர் உபாயம் உண்டு. அதே படத்தின் இடப்புறத்திலிருந்து 2400 புள்ளியும், வலப்புறத்திலிருந்து 2400 புள்ளியுமாக இரு சதுரங்கள் வெட்டுக. நடுவில் 1200 புள்ளி இரண்டிலும் வரும். ஒரு கோடி முதல் மறு கோடி வரை எவரும் விடுபடார். இரண்டையும் அடுத்தடுத்து ஏற்றுக.

வட்டச் சட்டத்திற் கூடுதற் கவனம் வேண்டும். சதுரத்துள் அமையும் வட்டம் அதன் பரப்பில் ஏறக்குறைய 78 வீதமே. நான்கு மூலைகளும் மறையும். விளிம்பு சேர்த்த படத்திலும் கோடியில் நிற்போர் மீண்டும் வெட்டுண்பர். 1080 புள்ளி வட்டத்துள் 3க்கு 2 ஆன படம் முழுதும் அடங்க, அதன் அகலம் 898 புள்ளியை விஞ்சலாகாது. குழுப்படத்தை அவ்விடத்தில் இடாது கல்லூரி இலச்சினையை இடுதலே நன்று.

மாணவர்காள், வேலை தொடங்குமுன் மூலப்படத்துக்கு ஒரு பிரதி எடுத்து, அப்பிரதியிலேயே கைவையுங்கள். சுருக்கிய படத்தைப் பின்னர்ப் பெரிதாக்கினால் இழந்த நுட்பம் மீளாது. வெட்டுமுன் தலைகளை எண்ணுங்கள்; வெட்டியபின் மீண்டும் எண்ணுங்கள். இரு தொகையும் ஒத்திருந்தால் மட்டும் இணையத்தில் ஏற்றுங்கள்.

முழுப்படத்தையும், இடக்கோடியில் நின்ற மாணவரைத் தனியே பெரிதாக்கிய பிரதியையும் நீலகிரிக்கு அனுப்பினோம். அதனைச் சட்டமிட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பதாக அப்பெண்மணி மறுமொழி எழுதினார். அவர் வீட்டிலுள்ள படம் சதுரமன்று. நின்ற கோலத்துக்கேற்ப நெடியதாகவே உள்ளது.