நம் குடும்பத்தில் போர்வீரர் உண்டா?

அரசர்க்கு மட்டுமே வரலாறு உண்டென்று எண்ணாதீர்கள். பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் வாழும் நம் குடும்பங்களுக்கும் வரலாறு உண்டு.

1943-ஆம் ஆண்டு நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் சிங்கப்பூருக்கு வந்து இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றார். மலாயாத் தோட்டத் தொழிலாளர் பலர் அப்படையில் சேர்ந்தனர். பெண்களுக்கென ஜான்சி ராணிப் படை அமைந்தது. கோலாலம்பூரில் 1925-இல் பிறந்த ஜானகி ஆதி நாகப்பன் அதில் சேர்ந்து துணைத் தளபதியாக உயர்ந்தார்.

“கொள்ளுத் தாத்தா பர்மாவுக்குப் போனார்” என்று உங்கள் வீட்டிலும் கூறுவார்கள். அவர் படைவீரராகச் சென்றாரா? அல்லது 1942, 1943-ஆம் ஆண்டுகளில் சப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டாரா? இரண்டும் வேறு வேறு. ஆயினும் இருவரும் நம் வணக்கத்திற்கு உரியவரே.

ஆகவே, எந்த ஆண்டு, எந்தத் தோட்டத்திலிருந்து, யாருடன் சென்றார், திரும்பினாரா என்று பெரியோரிடம் கேளுங்கள். பழைய நிழற்படங்களின் பின்புறத்தையும் பாருங்கள். பிற்காலத்தில் மலேசிய ஆயுதப்படையில் பணியாற்றிய உறவினரையும் வரிசையாகக் குறியுங்கள். கூறியவர் பெயரையும் எழுதுங்கள்.

சென்று வந்தவருள் பெரும்பாலோர் மறைந்துவிட்டனர். அவர் வாய்மொழியைக் கேட்டவர்கள் இன்னும் நம் வீட்டில் இருக்கின்றனர். பெற்றோரே, பிள்ளைகள் கேட்கும்போது சொல்லுங்கள். எழுதாத வரலாறு இரண்டு தலைமுறையில் மறைந்துபோகும்.