ஏரியில் மிதந்த தொலைநோக்கி

பேரண்டத்தில் மிக அதிகமாக உள்ள தனிமம் ஹைட்ரஜன். அதன் அணுவில் ஒரு புரோட்டானும் ஓர் எலெக்ட்ரானும் உள்ளன. இவை இரண்டும் சிறு காந்தங்களைப் போன்றவை. எலெக்ட்ரான் எப்போதாவது தன் காந்தத் திசையை மாற்றிக்கொள்ளும். அப்போது 21 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள வானொலி அலை வெளிப்படும். ஓர் அணுவில் இம்மாற்றம் தானாக நிகழச் சராசரியாக ஒரு கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும்! ஆனாலும், விண்வெளியில் ஹைட்ரஜன் அணுக்கள் கணக்கின்றி இருப்பதால் அந்த அலை ஓயாமல் வந்துகொண்டே இருக்கிறது.

டச்சு வானியலாளர் வான் டி ஹல்ஸ்ட் 1944ஆம் ஆண்டிலேயே இதைக் கணித்துக் கூறினார். 1951இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் யூவன், பர்செல் ஆகிய இருவரும் அந்த அலையைப் பதிவு செய்தனர். அவர்கள் சன்னலுக்கு வெளியே கூம்பு வடிவ அலைவாங்கி ஒன்றைப் பொருத்தியிருந்தனர். அவ்வழியே சென்ற மாணவர்கள் அதற்குள் பனியுருண்டைகளை எறிந்து விளையாடுவார்களாம்!

முதல் விண்மீன்கள் தோன்றிய காலத்தையும் இந்த அலையைக் கொண்டு ஆராயலாம். ஹைட்ரஜன் இதே அலையை உள்வாங்கவும் வல்லது. முதல் விண்மீன்கள் ஒளிவிடத் தொடங்கியபோது, சுற்றியிருந்த ஹைட்ரஜன் பின்னணிக் கதிர்வீச்சில் சிறு பகுதியை உள்வாங்கியிருக்கும். அதனால் ஏற்பட்ட குறைவு ஒரு பள்ளம்போல் இன்றும் பதிந்திருக்க வேண்டும். பேரண்டம் விரிவடைந்துகொண்டே இருப்பதால், 21 சென்டிமீட்டர் அலை நம்மை அடைவதற்குள் சில மீட்டர் நீளத்திற்கு நீண்டுவிடுகிறது. அது பண்பலை வானொலியின் அலைவரிசையை நெருங்குவதால் நகரங்களில் அதைக் கேட்க இயலாது. நமது பால்வீதியின் இரைச்சலோ அதைவிடப் பன்மடங்கு வலிமையானது.

2018இல் அமெரிக்க ஆய்வுக் குழு ஒன்று, மேற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலப்பகுதியில் நிறுவிய மேசை அளவிலான அலைவாங்கியில் அப்பள்ளம் பதிவானதாக அறிவித்தது. பெருவெடிப்புக்குச் சுமார் 18 கோடி ஆண்டுகளுக்குப் பிந்தைய தடயம் அது என்றனர். ஆனால், பள்ளத்தின் ஆழம் எதிர்பார்த்ததைவிட இரு மடங்குக்கு மேல் இருந்தது. அது உண்மையானால் இயற்பியல் நூல்களைத் திருத்தி எழுதவேண்டியிருக்கும்.

பெங்களூரிலுள்ள இராமன் ஆய்வு நிறுவனத்தினர் இதைச் சோதிக்க முனைந்தனர். அலைவாங்கியின் கீழுள்ள மண்ணும் பாறையும் அலைகளைச் சீரின்றித் திருப்பியனுப்பி அளவீட்டைக் கெடுக்கும். நீரோ எங்கும் ஒரே தன்மையுடையது. ஆகவே, அவர்கள் ‘சாரஸ்’ என்னும் தங்கள் கருவியை மிதவையில் ஏற்றி, 2020இல் கர்நாடகத்தின் தண்டிகனஹள்ளி ஏரியிலும் சராவதி நீர்த்தேக்கத்திலும் மிதக்கவிட்டனர். எளிய யோசனைதான், ஆனால் பலன் பெரிது. 2022இல் வெளியான முடிவின்படி, அந்தப் பள்ளம் சாரஸில் தென்படவே இல்லை. ஆஸ்திரேலியாவில் பதிவானது கருவியால் ஏற்பட்ட திரிபாக இருக்கலாம் என அவர்கள் கருதுகின்றனர். முதல் விண்மீன்களின் தடயத்தைத் தேடும் பணி இன்னும் தொடர்கிறது.