ஆர்.சி. தொலைந்தால் முதல் வேலை என்ன?

கேள்வி: உளுந்தூர்பேட்டை சந்தைக்குப் போய் வந்ததில் பைக்கின் ஆர்.சி. எங்கோ விழுந்துவிட்டது. கடன் தவணை இன்னும் முடியவில்லை. புதிதாக வாங்க என்ன செய்ய வேண்டும்?
- வாசகர், எலவனாசூர்கோட்டை

பதில்: கவலைப்படாதீர்கள், வண்டியின் பதிவு அப்படியேதான் இருக்கிறது. முதலில் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில், தொலைந்த ஆவணங்களுக்கான பகுதியில் விவரம் பதிந்து ரசீது எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்.சி.க்கும் அது உண்டு.

அடுத்து மத்திய அரசின் வாகனச் சேவைத் தளமான பரிவாகனில் நகல் ஆர்.சி.க்கு விண்ணப்பம். பலரும் தடுமாறுவது இங்கேதான். ஓ.டி.பி. வண்டிப் பதிவில் உள்ள செல்போன் எண்ணுக்குத்தான் போகும். வண்டி வாங்கிய நாளில் ஷோரூம்காரரோ புரோக்கரோ தன் எண்ணைக் கொடுத்திருந்தால், உங்கள் எண்ணைச் சேர்த்த பிறகே மேலே நகர முடியும். முகவரியையும் சரிபாருங்கள், புது ஆர்.சி. தபாலில்தான் வரும்.

நிரப்ப வேண்டியது படிவம் 26. எந்தச் சூழ்நிலையில் தொலைந்தது என்று அதில் கேட்பார்கள். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். கடன் பாக்கி இருப்பதால் நிதி நிறுவனத்தின் கையெழுத்தும் முத்திரையும் அந்தப் படிவத்தில் வேண்டும்; அதை முதலிலேயே வாங்கிவிடுங்கள், தாமதமாவது பெரும்பாலும் அதனால்தான். இன்சூரன்ஸ், புகைச் சான்று காலாவதியாகாமல் இருக்கட்டும்.

புது ஆர்.சி. கைக்கு வரும்வரை டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாகன் செயலியில் ஆர்.சி.யை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வாகனச் சோதனையில் அதைக் காட்டினால் சட்டப்படி செல்லும். ஜெராக்ஸ் செல்லாது.