கொலுப் பொம்மைகளைக் கட்டிவைத்தல்: உறை, பெட்டி, இடம் பற்றிய ஓர் ஒப்பீடு

விஜயதசமி இரவில் ஒரு பொம்மையைப் படுக்கவைத்து, மறுநாள் மற்றவற்றைப் படியிலிருந்து இறக்கிக் கட்டும் வழக்கம் புரட்டாசியிலோ ஐப்பசியின் தொடக்கத்தை ஒட்டியோ நிகழ்வதால், வடகிழக்குப் பருவமழை தொடங்கவிருக்கும் வேளையிலேயே கொலுப் பொம்மைகள் பெட்டிக்குள் போகின்றன. மீண்டும் கொலு வைக்கும் அடுத்த மகாளய அமாவாசை வரை, அதாவது 11 மாதங்களுக்கு மேல், மழைக்காலத்து ஈரத்தையும் கோடையின் வெக்கையையும் அவை அங்கேயே கடக்க வேண்டும். கட்டிவைப்போர் பெரும்பாலும் உடைசலுக்கே அஞ்சுகின்றனர். ஆனால் ஒழுங்காகச் சுற்றி ஓரிடத்தில் அசையாமல் வைத்த பொம்மை உடைவதைவிட, வர்ணம் உரிவதும் பூச்சி அரிப்பதுமே அதற்கு நேரக்கூடிய பெரிய கேடுகள். எனவே எந்த உறையையும் பெட்டியையும், அது அடியை எவ்வளவு தாங்கும் என்பதோடு, ஈரத்தை உள்ளே விடுமா, விட்ட ஈரத்தை வெளியேற்றுமா என்றும் பார்த்தே மதிப்பிட வேண்டும்.

முதலில் பொம்மை எதனால் ஆனது என்று அறிவது அவசியம். பண்ருட்டி, வில்லியனூர், மதுரை விளாச்சேரி போன்ற ஊர்களில் அச்சில் வார்க்கப்படும் சுடுமண் பொம்மைகள் உள்ளே கூடானவை. அவற்றின் அடிப்பாகம் பெரும்பாலும் வர்ணம் பூசப்படாமல் விடப்படுவதால், ஈரத் தரையில் வைத்தால் மண் அவ்வழியே நீரை உறிஞ்சி, மேலே உள்ள வர்ணம் செதிலாகக் கிளம்பும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பொம்மைகள், அதாவது ஜிப்சத்தைச் சூடாக்கிப் பெறும் மாவை நீரில் குழைத்து வார்த்தவை, இன்னும் மென்மையானவை. ஈரம் பட்டால் அவற்றின் மேற்பரப்பு மாவாக உதிரும். காகிதக்கூழ்ப் பொம்மை எளிதில் உடைவதில்லை, ஆனால் அதில் உள்ள பசை எலிக்கும் வெள்ளிப்பூச்சிக்கும் உணவு. மேலே கனமான பெட்டியை ஏற்றினால் நசுங்கியும் போகும். மரப் பொம்மைகளிலும் வேறுபாடு உண்டு: செம்மரத்தில் கடைந்த மரப்பாச்சியைப் பூச்சி எளிதில் தொடாது, லேசான மரத்தில் செதுக்கும் கொண்டப்பள்ளிப் பொம்மையையோ துளைப்பான் வண்டு தாக்கக்கூடும். சிறு துளைகளும் அவற்றின் கீழே மரத்தூளும் தென்பட்ட பொம்மையை மற்றவற்றோடு சேர்த்துக் கட்டலாகாது.

உறைகளில் முதலிடம் பழைய பருத்தி வேட்டிக்கே தரத்தக்கது. பலமுறை துவைத்து மென்மையான துணி வர்ணத்தைச் சிராய்ப்பதில்லை. காற்றும் அதனூடே போய்வரும். ஆனால் கஞ்சி போட்ட துணி கூடாது, ஏனெனில் அந்த மாச்சத்தே பூச்சியை அழைத்துவிடும். செய்தித்தாள் கையருகே கிடைப்பது, கசக்கித் திணித்தால் இடைவெளியை நன்றாக நிரப்புவது; எனினும் அதன் அச்சு மை வெளிர் நிறப் பொம்மைகளின் முகத்தில் ஒட்டும், தாளும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஆகவே துணி சுற்றிய பொம்மைகளுக்கிடையே அதை நிரப்பலாமே தவிர, பொம்மையின் மேல் நேராகச் சுற்றுவது தகாது. குமிழி உறை எனப்படும் பிளாஸ்டிக் தாள் அடியைத் தாங்குவதில் இரண்டையும் விஞ்சுகிறது. வீடு மாற்றும்போது லாரிப் பயணத்துக்கு அதுவே சிறந்தது. ஆனால் கோடை முழுதும் பரணில் கிடந்தால், இளகிய வர்ணத்தில் குமிழிகளின் வட்டத் தடம் பதிந்துவிடுவதுண்டு, உள்ளே சிக்கிய ஈரமும் வெளியேறாது. கடைக்காரர்கள் அதில் சுற்றித் தருவதாலேயே அதை ஆண்டு முழுதும் அப்படியே வைத்திருப்பது நல்ல தேர்வன்று.

எதைச் சுற்றினாலும் சுற்றும் முறை கவனத்துக்குரியது. புல்லாங்குழல் ஏந்திய கிருஷ்ணர் பொம்மையில் கைக்கும் மார்புக்கும் இடையே உள்ள வெளியைப் பஞ்சாலோ மெல்லிய துணிச் சுருளாலோ முதலில் நிரப்பிவிட்டு, அதன்மேல் துணியைச் சுற்றினால்தான் இறுக்கம் குழலின் மேல் விழாது. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைகளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தும் ஆட்டப் பொம்மையை முழுதாகச் சுற்றாமல், தலை, உடல், பாவாடை எனப் பிரித்துத் தனித்தனியே பொதிவது நல்லது. கட்டுமுன் விளக்குப் புகையையும் குங்குமத்தையும் உலர்ந்த மென்தூரிகையால் தட்டிவிடலாம். நீர்வர்ணம் பூசிய பழைய பொம்மைகளில் ஈரத்துணி பட்டால் வர்ணமே கையோடு வந்துவிடும்.

பெட்டிகளுள் அட்டைப்பெட்டியே மலிவானது, அதுவே நம்பிக்கைக்கு மிகக் குறைவானதும். அட்டை ஈரத்தில் தளரும், கரையானுக்கு இரையாகும். ஓராண்டுக்கு மட்டும் அது போதும். தகர டிரங்குப் பெட்டிக்குள் எலியும் கரையானும் எளிதில் புகா. துருப்பிடித்தலே அதன் குறை, உள்ளே ஒரு துணி விரித்து, அடியில் மரச்சட்டம் கொடுத்தால் அதுவும் பெருமளவு குறையும். முன்பு பல வீடுகளில் இத்தகைய பெட்டிகளையே அடுக்கி, பலகை வைத்து வேட்டி விரித்துக் கொலுப்படியாக்கினர். படிக்கென்று தனி இடம் தேடாத அந்த ஏற்பாட்டை, இரும்புச் சட்டப் படிகள் வந்தபின் மறந்துவிட்டது ஓர் இழப்புதான். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி துருவும் பிடிக்காது, உள்ளிருப்பதும் தெரியும். ஆனால் காற்றுப் புகாமையே அதன் வலிமையும் குறையும் ஆதலால், வெயில் உள்ள நாளில் பொம்மைகளை நிழலில் உலரவிட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடுவது தேவை. பூச்சியை விரட்டப் போடும் நாப்தலின் உருண்டைகள் சிலவகைப் பிளாஸ்டிக்கை இளக்குவன, குழந்தைகள் விழுங்கினால் நஞ்சு. உலர்ந்த வேப்பிலையையோ வசம்பையோ சிறு துணியில் முடிந்து வைப்பது, ஆற்றல் குறைவாயினும், தீங்கற்றது.

இடத்தைப் பொறுத்தவரை, மேல்மாடி வீட்டில் கான்கிரீட் கூரைக்கு நேர்கீழே உள்ள பரண் கோடையில் கொதிக்கும். கீழ்த்தள வீட்டில் அதே பரண் உகந்தது. கட்டிலின் கீழ் வைப்பதாயின் பெட்டியைத் தரையிலிருந்து சற்று உயர்த்த வேண்டும். பெட்டிகளைப் படிவாரியாக நிரப்புவதைவிட, தசாவதாரம், கல்யாண செட், செட்டியார் கடை எனச் செட் வாரியாக நிரப்பி, வெளியே எழுதி ஒட்டினால், அடுத்த ஆண்டு ஒரு சிறு தராசுக்காக எல்லாப் பொதிகளையும் அவிழ்க்க நேராது. சீரியல் விளக்குகளை ஓர் அட்டைத் துண்டில் சுற்றித் தனியே வைக்கலாம்; பேட்டரியில் ஓடும் பொம்மைகளிலிருந்து செல்களைக் கழற்றாவிட்டால், அவை கசிந்து உள்ளிருக்கும் தகடுகளை அரித்துவிடும்.