விட்ட படிப்பைத் தொடர்ந்தவர்



அரசாங்க உத்தியோகம் வசதி படைத்தோர் வீட்டுப் பிள்ளைகளுக்கே கிட்டும் என எண்ணுவோர் நம்மிடையே உளர். சிங்கப்பூர் அதிபராக விளங்கிய எஸ். ஆர். நாதன் அவர்களின் வரலாறு அவ்வெண்ணத்தை மாற்றும்.

1924ஆம் ஆண்டு சிங்கப்பூரில் பிறந்த அவர், இளமையின் ஒரு பகுதியை ஜொகூர் மாநிலத்து மூவாரில் கழித்தார். ரப்பர் விலை வீழ்ச்சியால் குடும்பம் நொடித்தது. எட்டு வயதில் தந்தையை இழந்தார். பள்ளியிலிருந்து இருமுறை நீக்கப்பட்டார். பதினாறு வயதில் வீட்டைவிட்டும் வெளியேறினார்.

ஆயினும், கற்பதை அவர் நிறுத்தவில்லை. ஜப்பானியர் ஆட்சியில் அவர்தம் மொழியைக் கற்று மொழிபெயர்ப்பாளரானார். போருக்குப் பின், வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல்வழி பயின்று உயர்நிலைக் கல்வியை முடித்தார். 1954இல், அந்நாளில் சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் சமூகநலத் துறையில் பட்டயம் பெற்றார். மறு ஆண்டு, மருத்துவச் சமூக ஊழியராக அரசாங்கச் சேவையில் சேர்ந்தார். அப்பொழுது அவர் முப்பது வயதைக் கடந்திருந்தார்!

1974இல் லாஜு படகைக் கடத்தியோர் பிணையாளிகளை விடுவிக்கும் பொருட்டு, அவர்களுடன் குவைத்துக்கு விமானத்தில் சென்ற அதிகாரிகளுக்குத் தலைமை தாங்கினார். 1999 முதல் 2011 வரை அதிபராகப் பணியாற்றினார்.

பெற்றோர்களே! நம் மலேசியாவில் அரசாங்கப் பணிக்கு மலாய்மொழித் தேர்ச்சி இன்றியமையாதது. எஸ்.பி.எம். தேர்வில் அப்பாடத்தில் தவறியோர், அதனை மீண்டும் எழுத வாய்ப்புண்டு. ஆகவே, ஒரு தேர்வில் தவறிய பிள்ளையைப் படிப்பிலிருந்து நிறுத்திவிடாதீர்கள். கால தாமதமானாலும் கற்க இடங்கொடுங்கள்.